நீரிழிவும் நல்லுரையும்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று திருவள்ளுவர் வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, மருந்தை அருகிருந்து தருபவன் என்பன அந்நான்கு. அவற்றுள் அவர் முதலில் வைத்தது நோயுற்றவனையே. இந்த வரிசையின் பொருத்தத்தை உணர வேண்டுமானால் நீரிழிவு நோய்க்குச் சென்ற நூறாண்டுகளாகச் செய்யப்பட்டுவரும் சிகிச்சையின் வரலாற்றை நோக்க வேண்டும். மருத்துவனுக்கும் மருந்துக்குமே முதன்மை தந்து தொடங்கிய அந்த வரலாறு, படிப்படியாக நோயாளியின் பக்கம் திரும்பியது. அவன் சொல்லுக்குச் செவிசாய்க்கக் கற்றது. உணவைப் பற்றிய அறிவில் அதற்கு உறுதுணையான ஒரு பகுதி நம் நீலகிரி மலையிலே, குன்னூரிலே நிகழ்ந்தது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

நீரிழிவு நம் நாட்டிற்குப் புதிய நோயன்று. சிறுநீர் தேன்போல் இனிப்பதையும், அதனை எறும்பு நாடுவதையும் பண்டை ஆயுர்வேத நூலோர் கண்டு எழுதினர். மெலிந்தவர்க்கு வருவது ஒன்று, பருத்தவர்க்கு வருவது மற்றொன்று என்னும் வேறுபாட்டையும் அவர்கள் அறிந்திருந்தனர். நம் சித்த மருத்துவர்கள் இதனை மதுமேகம் என்றும் நீரிழிவு என்றும் வழங்கினர். 1936-ஆம் ஆண்டில் ஹிம்ஸ்வொர்த் என்னும் ஆங்கில மருத்துவர், நீரிழிவில் இருவகை உண்டென்பதைச் சோதனை வாயிலாகக் காட்டினார். இன்சுலின் சுரப்பு அற்றுப்போவதால் வருவதை முதல் வகை என்றும், இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காமையாலும் நாளடைவில் சுரப்புக் குன்றுவதாலும் வருவதை இரண்டாம் வகை என்றும் இன்று கூறுகிறோம். நீரிழிவுற்றோரில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடி பேர் நீரிழிவு உடையவர் என மதிப்பிட்டது. பக்கத்து வீட்டைத் தேட வேண்டியதில்லை; நம்மில் பலருடைய வீட்டிலேயே இந்நோய் இருக்கிறது.

இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன்பு இதற்கு இருந்த மருந்து பட்டினி ஒன்றே. அமெரிக்காவில் ஆலன் என்னும் மருத்துவர், உயிர் தரிப்பதற்கு வேண்டிய அளவிற்கும் குறைவாக உணவளித்து நோயாளிகளின் வாழ்நாளைச் சிறிது நீட்டினார். அவருடைய மருத்துவமனையில் பார்வையிழந்த சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கொடுத்த உணவோ அளந்த உணவு. அவனைச் சுற்றி இருந்ததோ கடுங்காவல். அவ்வாறிருந்தும் சிறுநீரில் சர்க்கரை குறையவில்லை. விசாரித்தபோது, அச்சிறுவன் பற்பசையையும், கூண்டுப் பறவைக்கு வைத்த தானியத்தையும் எடுத்துத் தின்றது தெரியவந்தது. பசியால் வாடிய குழந்தையைக் குறைகூற நமக்கு மனம் வருமா? காவலாலும் கட்டளையாலும் ஒரு மனித உயிரை ஆண்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட உருக்கமான சான்று வேண்டுவதில்லை.

அதே காலத்தில் பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் என்னும் மருத்துவர் வேறொரு வழியைக் கண்டார். நோயாளிக்கு நோயைப் பற்றிக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவனும் நோயாளியும் சேர்ந்து படிக்கத்தக்க கையேடு ஒன்றையும் அவர் எழுதினார். 1922-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கனடா நாட்டு டொரன்டோ நகரில் லெனார்டு தாம்ஸன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற குழந்தைகள் எழுந்து நடந்தனர். 1950-களில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு மாத்திரைகளும் வந்தன. நம் சென்னையிலோ, டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். மருந்து வந்தது, மருத்துவமனையும் வந்தது. ஆயினும் இரண்டாம் வகை நீரிழிவின் வேர் நாள்தோறும் நாம் உண்ணும் உணவிலும், உடலுழைப்பிலும், உறக்கத்திலும், மரபிலும் ஓடிக்கிடக்கின்றது. மருத்துவரைக் காண்பது மாதத்தில் சில நிமிடமே. எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளிக்கு மருத்துவன் நோயாளியே.

இனி, குன்னூருக்கு வருவோம். 1907-இல் அங்குத் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிலையத்தில், 1918-ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் ஒரே ஓர் அறையை ஆராய்ச்சிக் கூடமாக்கிக்கொண்டு பணி தொடங்கினார். தீட்டிய அரிசியை உண்போரிடையே தோன்றும் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்வதே அவர் மேற்கொண்ட வேலை. 1923-இல் அரசாங்கச் செலவைக் குறைக்கும் பொருட்டு அந்த ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. இரண்டாண்டுகட்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. 1928-இல் அது உணவூட்ட ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய அந்நிலையமே, பின்னர் தேசிய உணவூட்டக் கழகம் என்னும் பெயர்பெற்று இன்றும் விளங்குகின்றது.

மக்காரிசன் செய்த சோதனைகளுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. இந்திய நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளை அவர் குன்னூரில் சமைக்கச் செய்து, ஒத்த வயதும் ஒத்த எடையும் உடைய எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம் ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு கொழுத்து வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியையே நம்பிய நம் சென்னை மாகாணத்து உணவை உண்டவையோ வரிசையின் கடைசியில் நின்றன. தாம் கண்டதைப் பள்ளி மாணவரும் அறிய வேண்டும் என்று கருதி, உணவைப் பற்றிய சிறு நூலொன்றையும் அவர் எழுதினார். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து பட்டியலாக்கி 1937-இல் வெளியிட்டார். எந்தத் தானியத்தில் எவ்வளவு மாவுச்சத்து, எந்தப் பருப்பில் எவ்வளவு புரதம் என்று இன்று நாம் எளிதாகச் சொல்வதற்கு அடியிட்டவற்றுள் குன்னூர் மலையின் ஆராய்ச்சியும் ஒன்று. அங்கு ஆராயப்பட்டது சத்துக் குறைவால் வரும் நோயே, நீரிழிவன்று. எனினும் உணவுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணாலும் எடையாலும் நிறுவிய அறிவு அது.

மாணவ நண்பர்களே! இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மக்காரிசனுடைய எலிகள் தம் முன் வைத்ததை உண்டன. கூண்டில் இருந்த எலிக்கு அறிவுரை சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. மனிதனோ கூண்டில் இல்லை. அவனுக்குப் பழக்கம் உண்டு, மானம் உண்டு, விருந்து உண்டு, வறுமையும் உண்டு. எது நல்லது என்று அறிந்த பின்னும் அதனைச் செய்யாதிருக்கும் ஆற்றல் அவனுக்கே உரியது. எதை உண்ண வேண்டும் என்ற வினாவுக்குக் குன்னூர் விடை தேடித் தந்தது. அறிந்ததை மனிதன் எவ்வாறு செய்ய முற்படுகிறான் என்ற வினா அப்படியே நின்றது. அதற்கு ஒரு விடை, நீரிழிவோடு தொடர்பில்லாத வேறொரு துறையிலிருந்து வந்தது.

அமெரிக்க உளநூலறிஞரான வில்லியம் மில்லர், குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்தார். குடிகாரரைக் கண்டித்துத்தான் திருத்த வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் பரவியிருந்தது. 1982-இல் அவர் நார்வே நாட்டில் தங்கியிருந்தபோது, இளம் உளநூலார் சிலர் அவர் நோயாளியோடு பேசும் முறையைக் கூர்ந்து கவனித்து, ‘இந்த இடத்தில் இதை ஏன் கேட்டீர்கள்? அதை ஏன் கேட்காமல் விட்டீர்கள்?’ என்று வினவினர். அவ்வினாக்களுக்கு விடை கூறப் புகுந்தபோதுதான், தாம் இயல்பாகச் செய்துவந்ததன் உட்பொருள் மில்லருக்கே தெளிவாயிற்று. அதனை அவர் 1983-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் ரால்னிக் என்பவரோடு சேர்ந்து 1991-இல் நூலாகவும் எழுதினார். இம்முறையைத் தமிழில் ஊக்க உரையாடல் என்று கூறலாம்.

இதன் அடிப்படை எளிது. மாற வேண்டியவனுடைய மனத்தில் இரு குரல்கள் உள்ளன. ‘மாறுவது நல்லது’ என்கிறது ஒன்று. ‘இப்பொழுது இயலாது’ என்கிறது மற்றொன்று. மருத்துவர் முதற் குரலைத் தாமே எடுத்துக்கொண்டு உரக்கப் பேசினால், நோயாளிக்கு எஞ்சுவது இரண்டாம் குரலே. அவர் எதிர்வாதம் செய்வார். அல்லது வாய்க்குள் ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாறாக, மாற்றத்திற்குரிய காரணத்தை நோயாளியே தம் வாயால் சொல்லுமாறு கேட்பவர் வழிசெய்தால், அச்சொல் அவருக்கே கட்டளையாகின்றது. பிறர் இடும் கட்டளையைவிடத் தானே தனக்கு இடும் கட்டளை வலியதன்றோ?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் காண்போம். நீலகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மருந்தகம். கொழுந்து பறிக்கும் நடுவயதுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கின்றது. ‘சர்க்கரையை விடு, சோற்றைக் குறை, இல்லாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும்’ என்று அதட்டுவது பழைய முறை. அவள் தலையை அசைப்பாள். அடுத்த மாதம் மருந்து வாங்கவும் அஞ்சி வராதிருப்பாள். ஊக்க உரையாடலில் பயின்ற செவிலியோ வேறுவிதமாகத் தொடங்குகிறாள்.

“அக்கா, விடிந்தது முதல் இரவு வரை உங்கள் நாள் எப்படிப் போகிறது? சொல்லுங்களேன்.”

“என்னம்மா சொல்வது? பனி இறங்கும் முன்னே எழுந்து வேலை. காலையில் பசிக்கும், குளிரும். தேநீர்தான் தெம்பு. நாலு வேளை குடிப்பேன். சர்க்கரை இல்லாமல் தொண்டையில் இறங்காது.”

“குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்கிறீர்கள்.”

“ஆமாம். ஆனால் போன மாதம் காலில் முள் குத்திய புண் இன்னும் ஆறவில்லை. அதை நினைத்தால்தான் பயம். கால் போனால் மேட்டில் ஏறிக் கொழுந்து எடுப்பது எப்படி? பேத்தியை யார் பார்ப்பார்கள்?”

“காலைக் காப்பாற்றுவது உங்களுக்குப் பெரிது. சர்க்கரையைக் குறைப்பது எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?”

“ஐந்து கொடுக்கலாம்.”

“ஏன் இரண்டு கொடுக்கவில்லை?”

“அதுதான் சொன்னேனே அம்மா, காலுக்காக. நாலு வேளையில் இரண்டு வேளை சர்க்கரை போடாமல் குடித்துப் பார்க்கிறேன்.”

இந்தக் கடைசி வினாவின் நுட்பத்தைக் கவனியுங்கள். ‘ஏன் பத்துக் கொடுக்கவில்லை?’ என்று கேட்டிருந்தால், மாறாமைக்குரிய காரணங்களை அவள் அடுக்கியிருப்பாள். ‘ஏன் இரண்டு இல்லை?’ என்று கேட்டதால் மாறுவதற்குரிய காரணத்தை அவளே சொன்னாள். ‘இரண்டு வேளை’ என்ற முடிவும் அவளுடையதே. செவிலி இப்பொழுது புண்ணைப் பார்த்து மருத்துவரிடம் அனுப்புவாள். மாத்திரையை விடாமல் உண்ணுமாறு கூறுவாள். ஒரு செய்தியை அவள் மறவாமல் சொல்லியாக வேண்டும். சில மாத்திரைகளை உண்போரும் இன்சுலின் போட்டுக்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரலாம். உரையாடல் மருந்துக்கு மாற்றன்று, மருந்தின் துணை.

இப்படிப் பேசுவதால் பயன் உண்டா என்று அறிவியல் மாணவர் கேட்பது முறையே. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு, டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளுள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். உணவையும் நடையையும் குறித்து நேரிலும் தொலைபேசியிலும் தொடர்ந்து ஊக்கம் பெற்றவர்களில் அத்தொகை ஏறத்தாழ 39 ஆயிற்று. மெட்பார்மின் மாத்திரை மட்டும் உண்டவர்களிலும் அது 40 அளவிலேயே நின்றது. சொல்லும் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே தட்டில் நின்றன! 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பணிபுரியும் ஆடவர் 537 பேர் பங்குகொண்டனர். அவர்களுள் ஒரு பாதியினருக்கு, அவரவர் மனம் மாற்றத்திற்கு எவ்வளவு ஆயத்தமாக உள்ளது என்பதற்கேற்பக் கைப்பேசிவழி ஊக்கச் செய்திகள் அனுப்பப்பட்டன. ஈராண்டு முடிவில் அவர்களில் நூற்றுக்கு 18 பேரும், செய்தி பெறாதவர்களில் 27 பேரும் நீரிழிவுற்றனர்.

ஆயினும் எல்லாச் சோதனைகளும் ஒரே குரலில் பேசவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1007 பேரிடையே, ஊர் மக்களையே குழுத் தலைவர்களாக்கி நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நீரிழிவு தோன்றும் அளவு சிறிது குறைந்தும், அந்த வேறுபாடு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. நீரிழிவு வந்துவிட்டவர்களிடம் ஊக்க உரையாடலை ஆய்ந்த பிற நாட்டுச் சோதனைகளிலும், சிலவற்றில் நன்மை தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. பேசுகிறவருடைய பயிற்சியும், பேச்சு நீடிக்கும் காலமும் பயனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஆதலின் இது மந்திரமன்று. பயிற்சியால் வரும் ஒரு கலை.

இக்கலைக்கு ஏற்ற நிலம் நீலகிரியில் முன்பே உழப்பட்டிருந்தது எனலாம். குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமாகிய உபாசி, 1971-இல் தொழிலாளர் நலத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் தொழிலாளருள்ளேயே சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி பெற்று, தம் அண்டை வீட்டாருக்கும் மருந்தகத்திற்கும் இணைப்பாக விளங்கினர். தாய் சேய் நலமும் குடும்ப நலமுமே அன்று அவர்கள் பேசிய பொருள். கூடலூரில் 1990-இல் தோன்றிய அஸ்வினி என்னும் அமைப்பு, பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்களிலிருந்தே நலப்பணியாளரையும் செவிலியரையும் உருவாக்கியது. தன் மொழியைப் பேசுபவளும் தன் பாதையில் நடப்பவளும் கேட்கும்போதுதான் மனம் திறக்கும் என்ற உண்மையை இம்முயற்சிகள் காட்டின. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் நோயாளியின் வீட்டு வாயிலுக்கே செல்கின்றன. மாத்திரையைக் கொண்டுசெல்லும் பெண்மணி, வாயிலில் ஐந்து நிமிடம் நின்று, ‘இந்த மாதம் எப்படி இருந்தீர்கள்?’ என்று கேட்டு, விடையைப் பொறுமையாகச் செவிமடுப்பாளாயின், மாத்திரையோடு மற்றொரு மருந்தும் அவ்வீட்டில் நுழைந்ததாகும்.

மற்றொன்றையும் மறத்தல் கூடாது. நீலகிரியில் ஒருகாலத்தில் கேழ்வரகும் சாமையும் விளைந்த சரிவுகள் பல, இன்று தேயிலைத் தோட்டங்களாக உள்ளன. அரிசி சமவெளியிலிருந்து மலையேறி வருகின்றது. கேழ்வரகும் மாவுச்சத்து உடையதே. அதனையும் அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எனினும் கடையில் காய்கறி விலையேறிக் கிடக்கையில், ‘காய்கறி நிறைய உண்’ என்று மட்டும் சொல்வது அறிவுரையாகாது. ஒருவருடைய கூலியையும் அடுப்பையும் அறியாமல் கூறும் சொல், எவ்வளவு இனிதாயினும் பயனற்றது. நல்ல உரையாடல் நோயாளியின் மீது பழிசுமத்துவதற்குரிய கருவியன்று. அவரால் இயன்றது எது, சமுதாயம் செய்ய வேண்டியது எது என்று பிரித்தறிவதற்கும் அது உதவ வேண்டும்.

மாணவர்களே! உங்களில் சிலர் மருத்துவராகவும் செவிலியராகவும் ஆவீர்கள். ஆகாதவர்க்கும் இதில் பங்குண்டு. வீட்டில் தந்தையோ பாட்டியோ நீரிழிவுற்றிருந்தால், இலையில் இனிப்பைக் கண்டவுடன் கடிந்து பேசுவது நம்மில் பலருடைய வழக்கம். அன்பினால் பிறந்த கடுமைதான் அது. ஆனால் கடிந்து பேசிய வீட்டில் பாட்டி இனிப்பை விடுவதில்லை. மறைத்து உண்ணக் கற்றுக்கொள்கிறாள். அடுத்த முறை அவள் அருகில் அமர்ந்து, ‘உங்களுக்கு எது கடினமாக இருக்கிறது, பாட்டி?’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட பின் இடைமறிக்காமல் காத்திருங்கள். விடை உடனே வாராது. வருவதற்குச் சில நாளும் ஆகலாம். அது வரும்பொழுது, நீங்கள் சொல்ல நினைத்ததையே அவள் சொல்லக் கேட்பீர்கள். அவள் சொன்னது என்பதாலேயே அது நிலைக்கும்.